தமிழ் வாசிப்பு நிலையை மாணவர் வாரியாக அறிவது எப்படி? 4 முதல் 8ஆம் வகுப்பு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 4 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களும், மாலை நேர மையத் தன்னார்வலர்களும், பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தமிழ் வாசிப்பைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

தேர்வு மதிப்பெண்தான் இருக்கிறதே, தனியாக வாசிக்கவைத்துப் பார்க்க வேண்டுமா?

வேண்டும். தமிழ்த் தாளில் வாங்கும் மதிப்பெண்ணில் மனப்பாடம், கையெழுத்து, எழுதும் வேகம் எல்லாம் கலந்திருக்கின்றன. வினா விடையை ஒப்பித்து ஐம்பது மதிப்பெண் வாங்கும் மாணவர், இதுவரை பார்க்காத பத்தியைக் கொடுத்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடுவார். நன்றாக வாசிக்கிற இன்னொருவர் எழுத்துப் பிழைகளால் முப்பதோடு நிற்பார். இரண்டு பேருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு.

எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்பதால், தேர்வு யாரையும் தடுத்து நிறுத்தி நமக்குக் காட்டப் போவதில்லை. தேர்ச்சி விதி சரியானதே. அதனாலேயே ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கும் பொறுப்பு ஆசிரியருடையதாகிறது. வகுப்பே சேர்ந்து உரக்கப் படிக்கும்போது, படிக்கத் தெரியாதவரும் அரை நொடி பின்தொடர்ந்து வாயசைக்கக் கற்றுக்கொண்டிருப்பார். கூட்டத்தில் அது கேட்கவே கேட்காது.

வாசிப்பில் எதையெல்லாம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்?

துல்லியம் (தாளில் உள்ளதை உள்ளபடி படிக்கிறாரா), சரளம் (எழுத்துக்கூட்டாமல், பொருளுக்கேற்ப நிறுத்திப் படிக்கிறாரா), புரிதல். இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்று உண்டு, பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறோம்: நாம் படித்துக் காட்டினால் புரிகிறதா?

இந்த நான்காவதுதான் மற்ற மூன்றுக்கும் விளக்கம் தரும். கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் சொன்னது இது: வாசித்துப் புரிவது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கிவரும் விளைவு. இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தில். கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்வளத்தில், அல்லது அந்தப் பொருள் பற்றிய முன்னறிவில்.

பத்திகளை எங்கிருந்து எடுப்பது?

2ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு நிலைக்கும் மூன்று பத்திகள் தேவை. பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தால் மனப்பாடம் உள்ளே வந்துவிடும். பழைய பாடத்திட்டப் புத்தகங்கள், பள்ளிக் கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள், வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ நூல்கள், ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகக் கிடைக்கும் தமிழ்க் கதைகள் ஆகியவை நல்ல மூலங்கள்.

2, 3ஆம் வகுப்பு நிலைக்கு 50 முதல் 70 சொற்கள் போதும். அதற்கு மேல் 80 முதல் 120. மூன்று பத்திகளில் ஒன்றாவது அறிவியல் அல்லது சமூக அறிவியல் செய்தியாக இருக்கட்டும். கதையைத் தட்டுத்தடுமாறியாவது படித்து யூகித்துவிடுபவர்கள், ‘ஆவியாதல்’, ‘குடியேற்றம்’ போன்ற சொற்கள் வரும் பத்தியில்தான் திணறுவார்கள். 6ஆம் வகுப்புக்குப் பிறகு அவர்களை மற்றப் பாடங்களில் பின்தள்ளுவதும் அதுவே.

மாணவர் தாளில் எழுத்து 16 புள்ளி அளவுக்குக் குறையக் கூடாது, படம் கூடாது. உங்கள் தாளில் அதே பத்தியை வரிக்கு வரி இடைவெளி விட்டு அச்சிட்டு, ஒவ்வொரு வரி முடிவிலும் அதுவரை வந்த சொற்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஒவ்வொரு தாளையும் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும்.

உட்காரவைத்து என்ன செய்வது?

வகுப்பறைக்கு வெளியே, மற்றவர் காதில் விழாத இடம். எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். “இது பரீட்சை இல்லை, மார்க் கிடையாது. நீ எப்படிப் படிக்கிறாய் என்று தெரிந்தால் உனக்கு ஏற்ற புத்தகம் தர முடியும்” என்று சொல்லிவிடுங்கள்.

படிக்கும் வகுப்பைவிட இரண்டு நிலை கீழே தொடங்குங்கள். 6ஆம் வகுப்பு மாணவருக்கு 4ஆம் நிலைப் பத்தி. முதல் பத்தி சுலபமாக இருந்தால்தான் பயம் தெளியும், நிஜக் குரல் வரும். அவர் வாய் திறந்ததும் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, முடித்ததும் நிறுத்துங்கள். ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மூன்று நொடி பொறுங்கள். பிறகு சொல்லைக் கூறிவிட்டு, “மேலே படி” என்று மட்டும் சொல்லுங்கள். எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினால் அது பாடமாகிவிடும், அளவீடு கெட்டுவிடும். முகம் சுளிப்பது, “ம்ஹூம்” என்பது இரண்டும் வேண்டாம்.

படித்து முடித்ததும் தாளைத் திருப்பி வைத்து, “என்ன படித்தாய், சொல்லு” என்று கேளுங்கள். அதன் பிறகே கேள்விகள். நன்றாக வந்தால் ஒரு நிலை மேலே, திணறினால் ஒரு நிலை கீழே. திணறும் நிலையைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். “இதையும் முயற்சி செய்து பார்” என்று மேலும் ஒரு பத்தி கொடுப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை, அவர் மனம்தான் நோகும். ஒருவருக்கு எட்டுப் பத்து நிமிடம் ஆகும்.

எதைப் பிழை என்று குறிப்பது?

தவறாகப் படித்த சொல், விட்ட சொல், இல்லாமல் சேர்த்த சொல், நீங்கள் சொல்லிக்கொடுத்த சொல் ஆகிய நான்கும் பிழை. தானே திருத்திக்கொண்டால் பிழை இல்லை. ஆனால் ‘தி’ என்று குறித்துவையுங்கள், அது நல்ல அறிகுறி. திரும்பப் படிப்பதும் பிழை இல்லை. அதன் இழப்பு நேரத்தில் தெரிந்துவிடும்.

தவறான சொல்லுக்கு மேல் வெறும் கோடு போடாதீர்கள். அவர் என்ன படித்தாரோ அதையே எழுதுங்கள். எத்தனை பிழை என்பதைவிட எந்த மாதிரிப் பிழை என்பதுதான் அடுத்த மாதம் என்ன கற்பிப்பது என்று சொல்லும். தமிழில் அடிக்கடி வருபவை:

‘கெட்டான்’ என்பதைக் ‘கேட்டான்’ என்றும், ‘கொடி’யைக் ‘கோடி’ என்றும் படிப்பது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் பிரியவில்லை. இதை இரண்டு வாரப் பயிற்சியில் பெருமளவு சரிசெய்யலாம்.

‘பட்டம்’ என்பதைப் ‘படம்’, ‘கட்டை’யைக் ‘கடை’ என்பது. புள்ளி வைத்த எழுத்தைக் கண் தாண்டிப் போகிறது.

‘கூ, சூ, டூ, மூ, நூ’ வரிசையில் தயங்குவது. மற்ற உயிர்மெய்களைப் போல ஒரே குறி எல்லா எழுத்துக்கும் பொதுவாக வராத வரிசை இது, தனியாகவே கற்பிக்க வேண்டும்.

‘குதிரை’யில் வரும் தகரத்தை ‘பத்து’வில் ஒலிப்பது போல அழுத்திச் சொல்வது. எழுத்துகளை ஒலிக்கிறார், ஆனால் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று அடையாளம் காணவில்லை.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு முடிவை யூகிப்பது: ‘வந்தார்கள்’ என்பது ‘வந்தான்’ ஆகும், ‘படிக்கவில்லை’ என்பது ‘படிக்கிறான்’ ஆகும். தமிழில் யார், எப்போது, உண்டா இல்லையா என்பதெல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. வாலை யூகிப்பவர் சரளமாகப் படிப்பது போலவே காதுக்குப் படும். பொருள் முழுக்கப் பிசகியிருக்கும். 5, 6ஆம் வகுப்புகளில் கைநழுவிப் போகிற மாணவர்கள் பெரும்பாலும் இவர்களே.

‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்கிறார். பிழையா?

வாசிப்புப் பிழையாக எண்ண வேண்டாம். வீட்டிலும் ஊரிலும் அப்படிப் பேசுபவர் அப்படித்தான் படிப்பார். அவருக்கு ஐயமில்லாமல் அது பழம்தான். ர–ற, ந–ண–ன வேறுபாட்டுக்கும் இதுவே விதி. உச்சரிப்பைத் தனிக் குறிப்பாக எழுதி வேறொரு நாள் பயிற்சி கொடுங்கள். ‘போகிறான்’ என்பதைப் ‘போறான்’ என்று படித்தாலும் பொருள் போகவில்லை. அதைப் ‘பே’ (பேச்சு வழக்கு) என்று குறித்துவையுங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை, வரிக்கு வரி வந்தால் எழுத்துத் தமிழ் காதில் விழவில்லை என்று பொருள். நிறையப் படித்துக் காட்ட வேண்டும்.

கணக்கிடுவது எப்படி?

பத்தியில் 92 சொற்கள், பிழை 6, நேரம் 118 நொடி என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் படித்தவை 86. துல்லியம் 86 ÷ 92 × 100 = 93 விழுக்காடு. வேகம் 86 × 60 ÷ 118 = நிமிடத்துக்கு 44 சொற்கள்.

துல்லியத்தையும் புரிதலையும் சேர்த்து நிலை சொல்லும் வழக்கம் அமெரிக்கக் கல்வியாளர் எம்மெட் பெட்ஸ் 1946இல் வகுத்ததிலிருந்து வருகிறது. 99 விழுக்காடு துல்லியமும் 90 விழுக்காடு புரிதலும் இருந்தால் தானாகப் படிக்கும் நிலை. 95-ம் 75-ம் என்றால் துணையோடு படிக்கும் நிலை. துல்லியம் 90-க்கும் புரிதல் 50-க்கும் கீழே போனால் திணறும் நிலை. இவை ஆங்கிலத்துக்கு வகுத்த எல்லைகள். தமிழுக்கும் தோராய வழிகாட்டியாகப் பயன்படுத்தலாம், ஆனால் 94-க்கும் 95-க்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. துல்லியமும் புரிதலும் முரண்பட்டால் புரிதலுக்கே முன்னுரிமை கொடுங்கள்.

ஒரே பத்தியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு நிலையில் மூன்று பத்திகளைப் படிக்கவைத்து, மூன்று வேகங்களில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் பற்றிய பத்தியில் பறக்கிறவர் நெசவு பற்றிய பத்தியில் நடப்பார்.

ஆறாம் வகுப்பில் நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் படிக்க வேண்டும்?

இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அவற்றில் அதிகம் புழங்குவது ஹாஸ்புரூக், டிண்டால் இருவரும் 2017இல் புதுப்பித்தது. ஐந்தாம் வகுப்பு முடிவில் நடுத்தர மாணவர் நிமிடத்துக்கு 146 சொற்கள் என்கிறது அது. அமெரிக்கக் குழந்தைகள், ஆங்கிலச் சொற்கள். அதைத் தமிழுக்குப் பொருத்தி நம் பிள்ளைகளைப் பின்தங்கியவர்கள் என்பது பெரிய அநீதி.

காரணம் சொல்லின் அளவு. ‘அவன் ஒரு மரம் நட்டான்’ என்பதில் நான்கு சொற்கள், பன்னிரண்டு எழுத்துகள். ‘படித்துக்கொண்டிருக்கிறார்கள்’ ஒரே சொல், பதினைந்து எழுத்துகள். தமிழ்ப் பத்திகளுக்குள்ளேயே சொல் எண்ணிக்கை இவ்வளவு ஏமாற்றும். வெவ்வேறு பத்திகளை ஒப்பிட வேண்டுமென்றால் நிமிடத்துக்கு எத்தனை எழுத்து என்று எண்ணுவதே நேர்மையானது. மெய்யெழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ணுங்கள்.

வகுப்புக்கான இலக்கு வேண்டுமென்றால் நீங்களே உருவாக்கலாம். அதே வகுப்பில் நன்றாகப் புரிந்து படிக்கிற ஐந்து பேரை அதே பத்தியைப் படிக்கவைத்து, நடுவில் வருபவரின் வேகத்தை அளவுகோலாக வையுங்கள். அதில் பாதிக்கும் கீழே இருப்பவருக்குச் சரளப் பயிற்சி வேண்டும். அந்த ஐந்து பேரைவிட வேகமாகப் படிக்கச்சொல்லி யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

புரிதல் கேள்விகள் எப்படி இருக்க வேண்டும்?

பத்திக்கு ஐந்து. இரண்டு நேரடிக் கேள்விகள், இரண்டு யூகித்து அறிபவை, ஒன்று சொற்பொருள். ‘மழை பெய்ததால் மாரி சந்தைக்குப் போகவில்லை’ என்ற வரியிலிருந்து “மாரி ஏன் சந்தைக்குப் போகவில்லை?” என்று கேட்டால், வரியைப் புரியாமலே திருப்பிச் சொல்லிவிடலாம். “அன்று மாரி வீட்டில் காய்கறி இருந்திருக்குமா? எப்படிச் சொல்கிறாய்?” என்றால் யோசிக்க வேண்டும். “எப்படிச் சொல்கிறாய்” என்பதை விடாதீர்கள். சரியான விடைக்குத் தவறான காரணமும், வித்தியாசமான விடைக்கு நல்ல காரணமும் அங்கேதான் வெளிவரும்.

கேள்விகளைப் பத்தியைப் படிக்காத ஒருவரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். அவர் பொது அறிவால் விடை சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி எதையும் அளக்கவில்லை. விடை பேச்சுத் தமிழில் வரலாம், சைகையோடு வரலாம். எழுதச் சொல்லாதீர்கள், எழுதினால் நீங்கள் அளப்பது எழுத்துத் திறனை.

தடங்கலே இல்லாமல் படிக்கிறாள், கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. எப்படி?

தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒலிக்கிறபடியே எழுதப்படுவது. 247 எழுத்துகளும் பிடிபட்டுவிட்டால், பொருள் தெரியாத சங்கப் பாடலைக்கூட உரக்கப் படித்துவிடலாம். அதனால் தமிழில் வாய்விட்டுப் படிப்பதை மட்டும் கேட்டு நிலை சொல்வது ஆபத்து. இவளுக்கு இனி எழுத்துப் பயிற்சி தேவையில்லை. ஒரு பத்தியை நீங்கள் படித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். அப்போது புரிந்தால், அவள் கவனம் முழுதும் உச்சரிப்பில் போகிறது. மௌனமாகப் படித்துவிட்டுச் சொல்லப் பழக்குங்கள். அப்போதும் புரியாவிட்டால் சொல்வளம், உரையாடல், நிறையக் கதை கேட்பது என்று போக வேண்டும்.

6ஆம் வகுப்புக்கு மேல் மௌன வாசிப்பையும் தவறாமல் பாருங்கள். உரக்கப் படிக்கக் கூச்சப்பட்டுத் திணறும் பையன், மௌனமாகப் படித்துவிட்டு அருமையாகச் சொல்வதுண்டு.

அசர் தாள் போதாதா?

எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படிகள் கொண்ட அசர் தாள், பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு 2005இல் தொடங்கிய அசர் ஆய்வில் பயன்படுவது. ஐந்து சொற்களில் நான்கு சரியானால் சொல் நிலை, கதையை மூன்று பிழைக்குள் சரளமாகப் படித்தால் கதை நிலை. எளிது, விரைவு, மிகவும் நம்பகமானது. ஆனால் அதன் உச்சப் படியான கதை 2ஆம் வகுப்புத் தரம். 7ஆம் வகுப்பு மாணவர் கதை நிலையில் இருக்கிறார் என்பதற்கு, 2ஆம் வகுப்புப் பகுதியைப் படிக்கிறார் என்பது மட்டுமே பொருள். 3-க்கும் 7-க்கும் நடுவே எங்கே நிற்கிறார் என்று அது சொல்லாது, சொல்ல வேண்டிய வேலையும் அதனுடையது இல்லை. கீழ்நிலையில் உள்ளவர்களைக் கண்டுபிடிக்க அசர் தாள், மேலே உள்ளவர்களுக்குப் பத்தி வரிசை என்று சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

நாற்பது பேர் இருக்கிறார்கள், நேரம் ஏது?

ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் 320 நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு பேர், பத்து வேலை நாள். மற்றவர்கள் நூலகப் புத்தகம் படிக்கும் பாடவேளையில் இது முடியும்.

யாரை முதலில் அழைப்பது என்று அறிய, முழு வகுப்புக்கும் பதினைந்து நிமிடத் தாள் ஒன்று கொடுக்கலாம். புதிய பத்தி ஒன்றில் முதல் வாக்கியத்தை அப்படியே விட்டு, பிறகு ஒவ்வொரு ஏழாவது சொல்லின் இடத்திலும் மூன்று சொற்களைக் கொடுத்து, பொருந்துவதை வட்டமிடச் சொல்லுங்கள். மூன்றுக்கும் ஒரே வேற்றுமை உருபு இருக்க வேண்டும்: ‘குளத்தில் / மரத்தில் / பானையில்’. ‘குளத்தில் / மரத்தை / பானைக்கு’ என்று கொடுத்தால் பொருள் புரியாமலே இலக்கணத்தை வைத்துப் போட்டுவிடுவார்கள். குறைவாகப் போட்டவர்களை முதல் மூன்று நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

நிலை தெரிந்த பிறகு?

எழுத்திலேயே தடுமாறுபவருக்குத் தினமும் இருபது நிமிடம், அவருடைய பிழைத் தாளிலிருந்து எடுத்த எழுத்துகளும் சொற்களும். 7ஆம் வகுப்பு மாணவர் கையில் பெரிய படம் போட்ட முயல்குட்டிக் கதையைக் கொடுக்காதீர்கள். நண்பர்கள் பார்த்துவிட்டால் அதோடு வாசிப்பையே வெறுத்துவிடுவார். விளையாட்டுச் செய்தி, பேருந்துப் பலகை, வேடிக்கைத் தகவல் என வயதுக்குத் தக்க பொருளை எளிய சொற்களில் கொடுங்கள்.

துல்லியம் இருந்து வேகம் இல்லாதவருக்கு, ஒரே பத்தியை நீங்கள் ஒரு முறை படித்துக் காட்டி அவர் மூன்று நான்கு முறை படிப்பது பலன் தரும். வாலை யூகிப்பவருக்கு ‘வந்தான், வந்தாள், வந்தார்கள், வரவில்லை, வருவானா’ என்று ஒரே வேர்ச்சொல்லின் வரிசைகள்.

இதற்கிடையே அறிவியலும் சமூக அறிவியலும் காத்திருக்காது. அந்தப் பாடங்களை யாராவது படித்துக் காட்ட அவர் கேட்கட்டும். படிக்கத் தெரியும்வரை பாட அறிவையும் மறுத்தால் ஓராண்டில் இரட்டை இழப்பு.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

எல்லோருக்கும் ஜூன், காலாண்டு விடுமுறைக்குப் பின், பொங்கலுக்குப் பின். உதவி பெறுபவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை, புதிய பத்தியில். அதே பத்தியைத் திரும்பக் கொடுத்தால் வரும் முன்னேற்றம் பெரும்பாலும் ஞாபகம்.

வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளைகளுக்கு?

எழுத்துப் பகுதியை வழக்கம் போலவே பாருங்கள். புரிதல் விடையை அவர் மொழியிலேயே சொல்ல விடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் அதே மொழி பேசும் மூத்த மாணவர் உதவட்டும். தமிழுக்கு வந்து எத்தனை மாதமாகிறது என்பதைத் தாளின் மேலேயே எழுதுங்கள். அது இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

டிஸ்லெக்சியாவாக (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) இருக்குமோ?

இந்த அளவீட்டை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். வரி தாவுவது, தாளை முகத்தருகே கொண்டுபோவது, தலையைச் சாய்த்துப் படிப்பது ஆகியவை கண்ணாடி தேவைப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். நீண்ட காலம் பள்ளிக்கு வராமல் இருந்தாரா என்றும் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், மூன்று நான்கு மாதம் முறையாகப் பயிற்சி கொடுத்தும் எழுத்து–ஒலி இணைப்பு நிலைக்கவில்லை என்றால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வழியாக நிபுணரிடம் அனுப்புங்கள். பிழைத் தாள்கள் அனைத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அவர்களுக்கு அவை மிகவும் உதவும். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. சான்று கிடைத்தால் தேர்வுச் சலுகைகளும் உண்டு.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

“உங்கள் பையன் இரண்டாங்கிளாஸ் லெவலில்தான் இருக்கிறான்” என்று சொன்னால் அன்று இரவு வீட்டில் அடிதான் விழும். எண்ணைச் சொல்லாமல் செய்வதைச் சொல்லுங்கள்: “சின்ன வாக்கியங்களைச் சரியாகப் படிக்கிறான். நீளமான சொல் வந்தால் முடிவை யூகிக்கிறான். தினமும் பத்து நிமிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் இருங்கள்.” எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம், படித்து முடித்ததும் “என்ன கதை, எனக்குச் சொல்லு” என்று கேட்டால் போதும். நிலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது, வாசித்துக் காட்டுவது, நிலைவாரியாக உட்காரவைப்பது எதுவும் வேண்டாம். தாள்கள் ஆசிரியரின் கோப்பில் இருக்கட்டும். மாணவர் அடுத்த வகுப்புக்குப் போகும்போது அந்தக் கோப்பும் அடுத்த ஆசிரியரின் கைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஜூனில் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.